ஏமாந்த எஜமானரும் எண்ணெய்க் கோலும்

ஆயுத பூஜையன்று நமது தெருவில் மோட்டார் வண்டிகளுக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால் கோயில் வாகனங்களே பொறாமைப்படும். கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரமும் காட்டி விடுகிறார்கள். வண்டியின் முகத்துக்குச் செய்யும் இந்த மரியாதையில் நூறில் ஒரு பங்கை அதன் வயிற்றுக்குச் செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நாம் ஒவ்வொரு வருஷமும் நினைப்பதுண்டு. வயிறு என்று நாம் சொல்வது எஞ்சினுக்கு அடியில், மசகு எண்ணெய் தங்கியிருக்கும் தொட்டியைத்தான். அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறதென்று தெரிந்து கொள்ளக் கம்பெனிக்காரன் ஒரு கோலையும் சொருகி வைத்திருக்கிறான். அதன் தலையில் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஒரு வளையம் இருக்கும். வண்டி வாங்கி ஐந்து வருஷம் ஆகியும் அந்த வளையத்தைத் தொட்டுப் பார்க்காத எஜமானர்கள் நமது ஊரில் அநேகர் இருக்கிறார்கள்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகப் புரட்டி விடலாம். அவர்கள் வண்டியில் எஞ்சினும் இல்லை, எஞ்சின் எண்ணெயும் இல்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையுடன் இருக்கவேண்டும்.

தொட்டே பார்க்காதவர்களைப் பற்றி நாம் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. வாரந்தோறும் தொட்டுப் பார்த்தும் ஏமாந்து போன ஒருவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் நமது தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். எதையும் அளக்காமல் விடமாட்டார். பால்காரர் ஊற்றும் பாலைக் கூடத் தமது சொந்தப் படியில் ஒருமுறை ஊற்றிப் பார்ப்பவர். அவருடைய சிறிய காருக்குப் பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும், எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையோடு பானெட்டைத் தூக்கி, எண்ணெய்க் கோலை உருவிப் பார்ப்பார். கோலின் மேல் குறி வரையில் எண்ணெய் பளபளவென்று பூசியிருக்கும். "பேஷ்!" என்று சொல்லி, கோலை மறுபடி சொருகிவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுவார்.

இப்படிப் பத்து மாதம் பார்த்தார். பத்து மாதமும் பேஷ்தான். ஒருநாள் குடும்பத்துடன் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் முன் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மின்னி மின்னி மறைந்ததாம். விளக்குதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்து விட்டார். திண்டிவனம் தாண்டிச் சிறிது தூரம் போனதும் எஞ்சினுக்குள்ளிருந்து சுத்தியால் தட்டுவது போன்ற சப்தம் கிளம்பிற்று. இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டார்கள். மூன்று லிட்டர் இருக்கவேண்டிய தொட்டியைத் திறந்தால் ஒரு லிட்டர் கூடத் தேறவில்லை. பேரிங்குகள் தேய்ந்து, கிராங்க் ஷாப்டும் கீறிப் போயிருந்தது. ரிப்பேருக்கு ஆன செலவு, அவர் மனைவியாரின் கண்புரைச் சிகிச்சைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து போயிற்று. அந்த அம்மாள் இன்னும் ஆறு மாதம் மங்கலான கண்ணோடு இருக்க நேர்ந்தது.

"வாராவாரம் பார்த்தேனே, ஸார்! கோல் பொய் சொல்லிவிட்டதே!" என்று அவர் நம்மிடம் புலம்பினார்.

கோல் பொய் சொல்லவில்லை. அவர் அதனிடம் கேட்ட விதம்தான் தவறு. கோலில் ஒட்டியிருந்தது தொட்டியிலுள்ள எண்ணெயின் மட்டம் அல்ல. வண்டி ஓடும்போது உள்ளே தெறித்த எண்ணெயும், கோல் போகும் குழாயின் சுவரிலிருந்து அதில் தடவிக்கொண்ட எண்ணெயும்தான். தொட்டி காலியாகிக்கொண்டே வந்த அந்தப் பத்து மாதமும், துடைக்காத கோல் நிறைந்தாற்போலவே தோன்றும். பாதரச ஜ்வரமானி வழக்கத்திலிருந்த நாளில், உதறாமல் நாக்கடியில் வைத்தால் நேற்றைய ஜ்வரத்தையே இன்றைக்கும் காட்டும் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். முதல் தடவை உருவுவது துடைப்பதற்கு. இரண்டாம் தடவை உருவுவதுதான் பார்ப்பதற்கு.

இந்தக் கோல் எல்லாக் காலத்திலும் எல்லா வண்டியிலும் இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1908-ஆம் வருஷத்திலிருந்து 1927 வரையில் அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளிய 'மாடல் டி' வண்டியில் கோல் கிடையாது. எஞ்சினின் கீழ்ப்பாகத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சிறு திருகுக் குழாய்கள் இருந்தன. எஜமானர் வண்டிக்கு அடியில் குனிந்து மேல் குழாயைத் திறக்கவேண்டும். எண்ணெய் வந்தால் போதுமானது இருக்கிறதென்று அர்த்தம். வராவிட்டால் கீழ்க் குழாயைத் திறக்கவேண்டும். அதிலும் வரவில்லையென்றால் வண்டியைக் கிளப்பக்கூடாது. உடம்பில் எண்ணெயும் மண்ணும் படாமல் இந்தப் பரீக்ஷை முடியாது. இன்றைக்கு நாம் நின்றபடியே விரலால் உருவிப் பார்க்கிறோம். ஸௌகரியம் அதிகமானதால் கவனம் குறைந்து விட்டதோ என்று நமக்கு ஒரு சந்தேகம்.

ஆசிரியரைக் குறை சொல்ல நமக்கு அதிக யோக்கியதை கிடையாது. நாமும் ஒருமுறை ஏமாந்தவர்தான். அவருக்கு நேர் எதிரான திசையில்.

நமது வீட்டு வாசலில் மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் சரிவாகத் தளம் போட்டிருக்கிறது. வண்டி அதில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாம் கோலைத் துடைத்து, சொருகி, மறுபடி எடுத்துச் சாஸ்திரோக்தமாகவே பார்த்தோம். எண்ணெய் கீழ்க் குறிக்குச் சற்று மேலே நின்றது. அரை லிட்டர் வாங்கி ஊற்றினோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் மேல் குறியைத் தொடவில்லை. இன்னொரு அரை லிட்டர் ஊற்றினோம். பிறகு ஒருநாள் தாம்பரம் போகும் சாலையில், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் நமது வண்டியின் பின்புறத்திலிருந்து ஊதா நிறத்தில் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

பட்டறை மேஸ்திரி சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கோலைப் பார்த்தார். மேல் குறிக்கு மேலே கட்டை விரல் அகலத்துக்கு எண்ணெய் ஏறியிருந்தது.

"ஸார், வண்டியை வீட்டில் எங்கே நிறுத்தி அளந்தீர்கள்?" என்று கேட்டார்.

"வாசலில்தான்."

"வாசல் சரிவாயிருக்குமே?"

நாம் பதில் சொல்லவில்லை. அவர் சிரிக்காமலிருந்தது அவருடைய பெருந்தன்மை. அடித் திருகை இளக்கி, முக்கால் லிட்டருக்கு மேல் வடித்து எடுத்தார்.

விஷயம் இதுதான். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. கோல் பெரும்பாலும் அதன் முன் பக்கமாக இறங்குகிறது. மூக்கு உயர்ந்து நின்றால் தொட்டியிலுள்ள எண்ணெய் பின் பக்கம் சாய்ந்து விடும். கோல் குறைத்துக் காட்டும். மூக்கு தாழ்ந்து நின்றால் கூட்டிக் காட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தளம் இருபது அடிக்கு ஓர் அடி உயர்கிறதென்றும், கோல் தொட்டியின் நடுவிலிருந்து 10 ஸென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறதென்றும் வைத்துக்கொள்வோம். கோலின் இடத்தில் எண்ணெய் மட்டம் 5 மில்லிமீட்டர் மாறிவிடும். அநேகக் கோல்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையே இரண்டு ஸென்டிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை. ஆக, கண்ணுக்குச் சரிவென்றே தெரியாத ஒரு சரிவு, கணக்கில் கால் பங்கை விழுங்கி விடுகிறது.

ஆகையால் முதற் காரியம் சமதளம். நமது தெருக்களில் அது சுலபத்தில் கிடைக்கிற வஸ்து அல்ல. நடுத்தெரு உயர்ந்து, இரண்டு ஓரமும் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். கொத்தனாரின் ரசமட்டம் அகப்பட்டால் நல்லது. இல்லாவிட்டால் குழந்தைகளிடம் ஒரு கோலிக்குண்டு இரவல் வாங்கித் தரையில் வைத்துப் பார்க்கலாம். அது நீளவாட்டிலும் ஓடக்கூடாது, அகலவாட்டிலும் ஓடக்கூடாது. அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து விட்டால் அதையே எப்போதைக்கும் அளக்கும் இடமாக வைத்துக்கொள்வது உத்தமம். நான்கு டயர்களிலும் காற்று சரியாயிருக்க வேண்டுமென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது காரியம் காத்திருப்பது. இதில்தான் நம் ஜனங்களுக்குப் பொறுமை போதாது. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் முழுவதும் தொட்டியில் இருப்பதில்லை. பம்ப் அதை உறிஞ்சி, பில்டர் வழியாகத் தள்ளி, மேலேயுள்ள வால்வுகள் வரையில் அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. நிறுத்திய மறு நிமிஷம் பார்த்தால் அதில் ஒரு நல்ல பாகம் இன்னும் மேல் மாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். காலையில் இருபது குடம் இறைத்த கிணற்றை உடனே எட்டிப் பார்த்து, "கிணறு வற்றிவிட்டது" என்று சொல்வாருண்டா? ஊறி நிலைக்கட்டும் என்று விட மாட்டோமா? ஐந்து நிமிஷம் முதல் பத்து நிமிஷம் வரையில் எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் கோலைத் தொடவேண்டும். நமது ஆசிரியர் காப்பி சாப்பிட்டுவிட்டுப் பிறகு கோலை உருவியிருந்தால், இந்த ஒரு தவறாவது நேர்ந்திராது.

சூடாகப் பார்ப்பதா, ஆறிய பிறகு பார்ப்பதா என்பதில் வித்வான்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. சில கம்பெனியார் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சில நிமிஷம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சிலர் காலையில் கிளப்புவதற்கு முன்பு பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஏனெனில் எண்ணெய் சூட்டில் பெருகும். ஒரு டிகிரிக்குப் பதினாயிரத்தில் ஏழு பங்கு வீதம் பெருகுகிறதென்று கொண்டால், 4 லிட்டர் எண்ணெய் 70 டிகிரி சூடேறும்போது ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் அதிகமாகத் தோன்றும். உண்மையில் ஒரு சொட்டும் கூடியிராது. ஆகையால் தமது வண்டியின் கைப்புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே செய்யவேண்டும். ஒருநாள் சூட்டிலும் ஒருநாள் குளிரிலும் பார்த்து, "போன வாரம் இருந்தது, இந்த வாரம் காணோம்" என்று கலங்குவதில் பிரயோஜனமில்லை. கைப்புத்தகம் எங்கே என்று கேட்கிறீர்களா? முன் ஸீட்டுக்கு எதிரேயுள்ள சிறிய பெட்டியில், இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கும் பழைய டோல் ரசீதுகளுக்கும் அடியில், உறை கூடப் பிரிக்கப்படாமல் நித்திரை செய்துகொண்டிருக்கும்.

பிறகு துடைப்பது. பஞ்சோ நூலோ உதிராத, தோய்த்து உலர்த்திய பழைய வேஷ்டித் துண்டு போதும். பட்டறைகளில் கையைத் துடைக்கிற வேஸ்ட் வேண்டாம். அதிலிருக்கும் மணல் கோலோடு உள்ளே போய்ச் சேரும். துடைத்த கோலை அது தட்டி நிற்கும் வரையில் அழுத்திச் சொருகவேண்டும். அரை விரற்கடை வெளியே நின்றாலும் எண்ணெய் அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். ஒரு மூச்சு விட்டு, நேராக உருவி, படுக்கை வாட்டாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். தலைகீழாகத் தூக்கிப் பிடித்தால் எண்ணெய் கோலின் வழியே வழிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கோலுக்கு இரண்டு பக்கம். உருவும்போது குழாய்ச் சுவரில் உராய்ந்து ஒரு பக்கத்தில் எண்ணெய் மேலே இழுபட்டுக் கோடாகத் தெரியும். மறு பக்கத்தில் தாழ்வாக இருக்கும். எந்தப் பக்கம் தாழ்வோ அதையே நம்பவேண்டும். கோலின் அகலம் முழுவதும் இடைவெளியில்லாமல் நனைந்திருக்கும் இடம் எதுவோ அதுதான் மட்டம். அதற்கு மேலே திட்டுத் திட்டாகத் தெரிவதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. புதிய எண்ணெய் தேன் நிறத்தில் இருப்பதால் வெள்ளிக் கோலில் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் ஒரு வெள்ளைக் காகிதத்தில் கோலை மெதுவாக ஒற்றினால் ஈரம் எதுவரையில் என்று தெரிந்து போகும். சந்தேகமாயிருந்தால் மூன்று தடவை பாருங்கள். மூன்றில் இரண்டு ஒத்துப் போகாவிட்டால், இன்னும் ஐந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள்.

மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவில் எங்கே நின்றாலும் வண்டிக்கு க்ஷேமம்தான். மேல் குறியிலேயே நிற்கவேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். சிறிய வண்டிகளில் அதற்கும் குறைவு. ஆகவே பாதியில் நிற்கிற எண்ணெயைப் பார்த்துவிட்டு ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்ப்பவர்கள், நாம் செய்த தவறைத்தான் செய்கிறார்கள். 200 மில்லி ஊற்றி, அது மேலிருந்து கீழே இறங்கச் சில நிமிஷம் பொறுத்து, மறுபடி துடைத்துப் பார்த்து, பிறகு வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். எண்ணெய் மாற்றிய அன்று இன்னொரு விஷயம்: புதிய பில்டர் காலியாக இருக்கும். எஞ்சினைச் சற்று ஓடவிட்டால் அது தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். ஆகையால் ஓட்டி, நிறுத்தி, காத்திருந்து பார்த்த அளவுதான் உண்மையான அளவு.

"குறைந்தால் கெடுதல், சரி, கொஞ்சம் அதிகமானால் என்ன மோசம்? நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊற்றும்போது நாமும் அப்படித்தான் நினைத்தோம். கிராங்க் ஷாப்ட் என்பது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிற பெரிய மத்து. எண்ணெய் அதன் காலடி வரையில் உயர்ந்தால் அது எண்ணெயைத் தயிர் கடைவது போல் கடைந்து நுரையாக்கி விடுகிறது. நுரையில் பாதி காற்று. பம்ப் அந்தக் காற்றைத்தான் பேரிங்குகளுக்கு அனுப்பும். எண்ணெய் அதிகமாகியும் எஞ்சின் எண்ணெயில்லாமல் தவிக்கிற விபரீதம் இப்படித்தான் நேர்கிறது. மிச்ச எண்ணெய் ஆவிக் குழாய் வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்பட்டு எரிந்து ஊதாப் புகையாகிறது. புகைக் குழாயில் விஷ வாயுக்களைச் சுத்தி செய்வதற்காக வைத்திருக்கும் விலையுயர்ந்த கருவியையும் அது பாழாக்கும். டீஸல் வண்டியில் இன்னும் ஆபத்து: உள்ளே இழுபட்ட எண்ணெயையே தீனியாகக் கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எஞ்சின் வெறி பிடித்து ஓடியதுமுண்டு. அப்படி ஓடிய எஞ்சின் பிறகு எதற்கும் உதவாது.

குறைந்திருப்பதைக் காட்டத்தான் விளக்கு இருக்கிறதே என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அலாவுத்தீன் விளக்கைப் போன்ற படத்துடன் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதல்ல. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுவது. தொட்டியில் பாதி குறைந்தாலும், பம்பின் வாய்க்கு எண்ணெய் எட்டும் வரையில் அது வாயைத் திறக்காது. வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சினால் அப்போதுதான் மின்னும். ஆசிரியர் கண்ட மின்னல் அதுதான். அந்தச் சமயத்தில் ஓரமாக ஒதுங்கி எஞ்சினை உடனே நிறுத்தியிருந்தால் ஒரு டப்பா எண்ணெயோடு போயிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு "அடுத்த ஊர் வரையில் போய்ப் பார்ப்போம்" என்பது கூடவே கூடாது. சில புதிய வண்டிகளில் அளவுக்கென்று மஞ்சள் நிறத்தில் தனி விளக்கும் உண்டு. அது எரிந்தால் அவ்வளவு பதற்றம் வேண்டாம், ஆனால் அன்றே பார்க்கவேண்டும்.

எண்ணெய் குறைவதைக் கண்டு நாம் பயப்படுகிறோம். ஊற்றாமலே கூடினால் அதைவிடப் பயப்படவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் தேசத்தில் விற்கப்படும் புதிய வண்டிகளுக்கு 'பாரத் ஸ்டேஜ் 6' என்ற கடுமையான புகை விதி வந்தது. அதை முன்னிட்டு டீஸல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். சேர்ந்த கரியை எரிப்பதற்காக எஞ்சின் அவ்வப்போது கொஞ்சம் டீஸலை அதிகமாகச் செலுத்துகிறது. ஆபீசுக்கும் கடைக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டிகளில் இந்த வேலை பாதியில் நின்று, எரியாத டீஸல் பிஸ்டனின் ஓரமாகக் கீழே இறங்கி எண்ணெயோடு கலந்து விடுகிறது. கோலில் மட்டம் உயர்கிறது; எஜமானரும் சந்தோஷப்படுகிறார். உண்மையில் எண்ணெய் நீர்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. கோலை முகர்ந்து பார்த்தால் டீஸல் வாசனையோ பெட்ரோல் வாசனையோ தூக்கலாக அடிக்கும். கோலில் இருப்பது பால் கலந்த காப்பியைப் போலத் தோன்றினால் தண்ணீர் கலந்திருக்கிறதென்று அர்த்தம். இந்த இரண்டிலும் வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவதைத் தவிர வேறு உபாயமில்லை. வெறுமனே கறுத்திருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். டீஸல் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்து விடும். கரியைத் தன்மேல் வாங்கிக்கொள்வது அதன் உத்தியோகம்.

பெட்ரோல் பங்க்குகளில், "ஆயில் பார்க்கட்டுமா, ஸார்?" என்று அன்போடு கேட்பார்கள். கேட்பவர் பேரில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அப்போதுதான் நின்ற எஞ்சின்; எண்ணெய் இன்னும் மேலே இருக்கிறது. தரையோ தண்ணீர் வடியச் சரிவாகப் போட்டது. கோலை முழுவதும் அழுத்தாமல் பாதி சொருகி எடுத்துவிட்டால் கேட்க வேண்டியதேயில்லை. "ஒரு லிட்டர் குறையுது, ஸார்" என்ற தீர்ப்பும், கையில் ஒரு டப்பாவும் ஏக காலத்தில் வந்து சேரும். "வீட்டில் பார்த்துக்கொள்கிறோம், தம்பி" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும்.

நாம் சொன்னதற்கெல்லாம் விலக்குகளும் உண்டு. ஜெர்மனியில் செய்யப்படும் உயர்ந்த விலைக் கார்கள் சிலவற்றில் கோலையே எடுத்துவிட்டு, உள்ளே ஒரு மின் கருவியை வைத்து, அளவை முன் பலகையில் காட்டுகிறார்கள். அதற்கும் சமதளமும் சூடும் வேண்டும். எண்ணெயை வேறு தொட்டியில் வைத்திருக்கும் பழைய போர்ஷே 911 வண்டிகளில், எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கோலைப் பார்க்கவேண்டும். தானாக கியர் மாற்றும் சில வண்டிகளில் கியர்ப் பெட்டிக்கென்று இரண்டாவது கோல் ஒன்று இருக்கும். அதை எஞ்சின் கோலென்று எண்ணி, எஞ்சின் எண்ணெயைக் கியர்ப் பெட்டியில் ஊற்றிய புண்ணியவான்களும் உண்டு.

2014-ஆம் வருஷம் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாஸிடர் வண்டியை ஓட்டிய பழைய டிரைவர்கள், காலையில் ரேடியேட்டரில் தண்ணீர், பாட்டரியில் தண்ணீர், எஞ்சினில் எண்ணெய் என்று மூன்றையும் பாராமல் சாவியைத் தொடமாட்டார்கள். அந்த வண்டிகள் எண்ணெய் குடிக்கிறவை. ஆகையால் பழக்கம் தானே வந்தது. இன்றைய எஞ்சின்கள் அவ்வளவு குடிப்பதில்லை என்பதே நம்மைச் சோம்பேறிகளாக்கி விட்டது. ஆனாலும் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரையில் செலவாவது சகஜமே என்று சில கம்பெனியார் தமது கைப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, 4000 கிலோமீட்டரில் ஆசிரியரின் மூன்று லிட்டர் ஒரு லிட்டராகி விடும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தேச நலனையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் இந்தப் பத்திரிகைக்கு அழகல்ல. அஸ்ஸாமில் டிக்பாய் என்ற இடத்தில் 1901-லேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வைத்த தேசம் நமது தேசம். இருந்தும், நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்றும் கப்பலில் வருகிறது. தவறாக அளந்து, வேண்டாத எண்ணெயை ஊற்றிப் புகையாக விடுகிறவர், அந்நியச் செலாவணியைத்தான் புகையாக விடுகிறார். நம் வண்டியிலிருந்து மேஸ்திரி வடித்த முக்கால் லிட்டரை அவர் சாக்கடையில் ஊற்றவில்லை. பழைய எண்ணெய் வாங்குகிறவருக்காக வைத்திருந்த பீப்பாயில் ஊற்றினார். அந்த மட்டில் நமது பாவம் குறைந்தது.

ஆசிரியரின் வண்டி இப்போது மறுபடி ஓடுகிறது. அம்மாளின் கண் சிகிச்சையும் நடந்து முடிந்தது. வீட்டுப் பின்புறத் தளத்தில் கோலிக்குண்டு ஓடாத ஓர் இடத்தை அவர் தேடிப் பிடித்து, நான்கு சக்கரமும் நிற்கவேண்டிய இடங்களில் காவிக் கட்டியால் கோடு கிழித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வந்ததும் முதலில் காப்பி; பிறகுதான் கோல். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெய் நின்ற இடம் என்று மூன்று பத்தி போட்டிருக்கிறார். கோலை அவர் உருவிப் பிடிக்கிறார். மட்டத்தைப் பார்த்துச் சொல்வது அந்த அம்மாள். "முக்கால்" என்று அவர் சொன்னால், "இரண்டு பக்கமும் பார்த்தாயா?" என்று இவர் கேட்கிறார்.